உடைந்த சர்ஃப் பலகை: ஒட்டுவதா, புதிது வாங்குவதா?

கேள்வி, 14 மே 2023

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியது:

"அண்ணன், நேற்று முட்டம் பாறைப் பக்கம் காலில் கட்டும் லீஷ் கயிறு அறுந்து என் அலைச்சறுக்குப் பலகை பாறையில் போய் மோதிவிட்டது. ஏழரை அடிப் பலகை, பழையதாக வாங்கியது. வலது ஓரம் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கி, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. அடிப்பக்கத் துடுப்பான ஃபின்னுக்குப் பக்கத்தில் 11 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். மோதிய பிறகும் அரை மணி நேரம் அதே பலகையில் அலை பிடித்தேன். பழுது பார்க்க ஆறாயிரம் கேட்கிறார்கள். புதிது வாங்க நாற்பதாயிரம் ஆகும். ஓரம் உடைந்த பலகை செத்த பலகை என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய?"

14 மே, இரவு

உள்ளங்கை அகலமும் 11 செ.மீ. கீறலும் எனக்குக் கவலை தரவில்லை. அந்த அரை மணி நேரம்தான் கவலை தருகிறது. மேலே உடைந்ததை ஒட்டிவிடலாம். உள்ளே போன உப்புத்தண்ணீரை வைத்து ஒட்டினால் அதற்கு மேல் எந்தப் பழுதும் நிற்காது. பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, ஃபின் இருக்கும் வால்பக்கம் கீழாக நிழலில் சாய்த்து வையுங்கள். மூடிய காருக்குள் வைக்க வேண்டாம். குழாய்க்கசிவை அடைக்கும் பசையை வாங்கிப் பூசவும் வேண்டாம். அவசரத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான், நானும் செய்திருக்கிறேன், தண்ணீரைச் சிறை வைத்ததுதான் மிச்சம்.

நாளைக் காலை மீன் ஏலம் முடிந்ததும் யாரிடமாவது மின்னணுத் தராசைக் கேட்டு வாங்கி, பலகையை எடை போட்டு எழுதி வையுங்கள்.

16 மே

"தராசு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால்: பலகை என்பது உள்ளே நுரை, அதன் மேல் ரெசின் என்னும் இறுகும் பிசினில் ஊறிய கண்ணாடி இழைத் துணி. உங்கள் பலகையின் உள்ளே இருப்பது எந்த நுரை என்று தெரிந்தாக வேண்டும்.

உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ரொட்டியின் உட்பகுதி போல நுண்மையாக இருந்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் அது பாலியூரித்தேன். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆகியிருக்கும். அந்த நிறம் பலகையின் வயதைச் சொல்லுமே தவிர கேட்டைச் சொல்லாது. சிறு சிறு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியது போலத் தெரிந்தால் அது இ.பி.எஸ்., அதாவது தெர்மாகோலின் கெட்டியான உறவினர். ஐயமிருந்தால் உதிர்ந்த துணுக்கு ஒன்றை நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் போட்டுப் பாருங்கள். கரைந்து பிசின் போல ஆனால் இ.பி.எஸ்.

இரண்டு வகை ஏன் வந்தது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. பால்சா மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்த பலகைகளுக்கு, 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் கிளார்க் தனியாக நடத்திய நிறுவனம்தான் அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு, செதுக்குவதற்கான நுரைக்கட்டை கொடுத்துவந்தது. 2005 டிசம்பர் 5 அன்று அவர் அதைத் திடீரென மூடிவிட்டார். நுரைக்கட்டைக்குத் தவித்த பலகை செய்வோரில் பலர் இ.பி.எஸ். நுரைக்கும் எபாக்ஸி ரெசினுக்கும் திரும்பியது அதன் பிறகு வேகம் பிடித்தது. எனவே உங்கள் கைக்கு வரும் பழைய பலகை எதுவாகவும் இருக்கலாம்.

வேறுபாடு தெரியாததால் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2016இல் என் பலகை ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை விழுந்தது. நம் கடற்கரையில் ஃபைபர் வள்ளம், அதாவது கண்ணாடி இழைப் படகு, இல்லாத ஊர் ஏது, வள்ளத்துக்குப் பூசும் ரெசினையே இதற்கும் பூசலாமே என்று, எங்கள் பக்கத்துப் பட்டறையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் தயங்கினார், நான்தான் வற்புறுத்தினேன். ஊற்றினார், உள்ளே இறங்கியது. மறுபடியும் ஊற்றினார், மறுபடியும் இறங்கியது. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சாரே, இது வள்ளமில்ல, மீனுக்கு ஐஸ் போடுத பெட்டியாக்கும்" என்றார். வள்ளத்து ரெசின் பாலியஸ்டர். அதில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. அது தெர்மாகோல் இனத்தைக் கரைத்துவிடும். எலுமிச்சம்பழ ஓட்டையோடு போனவன் தேங்காய் அளவுப் பள்ளத்தோடு திரும்பினேன். பெரியவர் காசு வாங்கவில்லை. அதுதான் கூடுதல் வெட்கம்.

ஆகவே இப்போதைக்கு: இ.பி.எஸ். என்றால் எபாக்ஸி மட்டும். பாலியூரித்தேன் என்றால் பாலியஸ்டரும் ஆகும், எபாக்ஸியும் ஆகும். எபாக்ஸியில் செய்த பலகையின் மேல் பாலியஸ்டர் பூசினால் சரியாகப் பிடிக்காது.

17 மே

முதல் நாள் எழுதியதில் ஒரு பிழை. வாலைக் கீழாக வைக்கச் சொன்னேன். ஃபின் பக்கத்துக் கீறலுக்கு அது சரி. ஓரத்து உடைப்பு வாலிலிருந்து இரண்டடி மேலே இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய படத்தில் இப்போதுதான் கவனித்தேன். அந்த வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற, அந்த உடைப்பே தாழ்வான இடமாக இருக்க வேண்டும். பகலில் வலது ஓரம் தரையை நோக்குமாறு இரண்டு துணித்துண்டுகளின் மேல் பக்கவாட்டில் கிடத்துங்கள். இரவில் வால் கீழாக நிறுத்துங்கள்.

தராசுக்கு வருகிறேன். பழையதாக வாங்கிய பலகை காய்ந்திருந்தபோது என்ன எடை இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரே ஓர் எடையால் பயனில்லை. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, அதே தராசில், ஃபின்னையும் லீஷையும் கழற்றிவிட்டு, கால் வழுக்காமல் இருக்கப் பூசிய மெழுகைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. கடல்நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.025 கிலோ என்பதால், குறைந்த எடையை வைத்தே எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

17 மே, சற்றுப் பிறகு

கீறலில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம், உலகெங்கும் செய்கிறார்கள். உப்புக் கரித்தால் தண்ணீர் இருக்கிறது. ஆனால் கரிக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. முட்டத்தில் பேருந்துக்கு நிற்பவர்கள் முன்னால் நான் ஒருமுறை அதைச் செய்து, பலகைக்கு முத்தம் கொடுக்கிற வாத்தியார் என்று ஓராண்டு பெயர் வாங்கினேன். அதைவிடத் தராசே மேல்.

28 மே

தம்பி அனுப்பிய கணக்கு: மே 15இல் 5.90 கிலோ. 18இல் 5.60. 22இல் 5.40. 26இல் 5.35. இன்றும் 5.35. துணுக்கு அசிட்டோனில் கரைந்துவிட்டதாம், எனவே இ.பி.எஸ்.

அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் குடித்திருந்தது, விட்டுவிட்டது. செத்த பலகை என்ற பேச்சை இத்தோடு நிறுத்தலாம். ஏலத் தராசு 50 கிராம் படியில்தான் காட்டும் என்பதால் கடைசி இரண்டு எண்களையும் நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் போக்கு தெளிவாக இருக்கிறது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. நாணயத்தின் விளிம்பால் பலகை முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். பழுத்ததா என்று பலாச்சக்கையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல இடத்தில் "டக்" என்று கூர்மையாகக் கேட்கும். கண்ணாடி இழை நுரையை விட்டுப் பிரிந்த இடத்தில் "தொப்" என்று மந்தமாகக் கேட்கும். கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும். அப்படிப்பட்ட இடங்களைப் பென்சிலால் வளைத்துக் குறியுங்கள். காலடிபட்டு விழுந்த ஆழமில்லாத குழிகளைக் குறிக்க வேண்டாம். விரிசல் இல்லாத குழியால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஃபின்னைப் பிடித்து இருபுறமும் அசைத்தும் பாருங்கள். இந்த ஒரு சோதனையில் தோற்றால் நான் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். திரும்பும்போது பலகை தாங்கும் விசையில் பெரும்பகுதி, ஃபின்னைச் செருகும் ஃபின் பெட்டியின் வழியாகத்தான் போகிறது; பெட்டி ஆடினால் மேல்பூச்சு போதாது, பெட்டியையே வெட்டியெடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டும்.

3 ஜூன்

பெட்டி ஆடவில்லை. உடைப்பைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்துக்கு மட்டும் மந்தமான ஓசை. நல்லது.

கெட்ட செய்தி நாட்காட்டியில் இருக்கிறது. நம் மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குமரிமுனையை ஒட்டிய சின்னமுட்டம் பக்கத்துக்குக் கிழக்குக் கடற்கரையின் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே குமரி மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் ஓடும் இந்த இரு வாரங்களில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுக்குக் கரையில் நிற்கும். ரெசின் வேலை தெரிந்த ஒருவரும் உங்கள் பலகையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆறாயிரம் கேட்டவரும் ஆகஸ்ட் என்கிறாராம். நீங்களே செய்யலாம் என்பது என் கருத்து. கடலும் இப்போது உங்களை அழைக்கப்போவதில்லை.

நசுங்கிய ஓரத்தில் பிரிந்து நிற்கும் கண்ணாடி இழையைக் கத்தியால் வெட்டி எடுங்கள். சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். மெழுகு ஒரு துளி இருந்தாலும் ரெசின் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் மெழுகை நன்றாகக் கரைக்கும்; ஆனால் எண்ணெயும் ரெசினுக்குப் பகை என்பதால், பிறகு சோப்பு நீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பள்ளத்தை நிரப்ப, எபாக்ஸியில் மைக்ரோபலூன் எனப்படும் நுண்கண்ணாடி உருண்டைத் தூளைச் சேர்த்து இட்லிமாவை விடக் கெட்டியாகக் குழைத்து அப்புங்கள். வெறும் எபாக்ஸியை ஊற்றி நிரப்பினால் அந்த இடம் கல்லாகிவிடும், எடையும் கூடும்.

அதன் மேல் கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு. இரண்டாவது, முதலாவதை விடச் சுற்றிலும் மூன்று செ.மீ. பெரிதாக இருக்கட்டும். துணி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டறையில் எளிதாகக் கிடைப்பது 300 அல்லது 450 கிராம் மேட். நெய்யப்படாமல், நறுக்கிய இழைகளை ஒரு பிணைப்பொருளால் பிடித்துவைத்தது. அந்தப் பிணைப்பொருள் இளகுவதற்குப் பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் வேண்டும். எபாக்ஸியில் அது இளகாது. மேட் ஓரத்தில் படியாமல் முள்ளம்பன்றியாக நிற்கும். உங்களுக்கு வேண்டியது நெய்த துணி, 4 அல்லது 6 அவுன்ஸ். சதுர கெஜத்துக்கு 6 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம்.

நேரம் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத ரெசினைக் குமிழ் குமிழாகத் தள்ளும். மாலை நான்கு மணிக்கு மேல், வெப்பம் இறங்கத் தொடங்கியபின் பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கண்ணாடித் தூள் கழுத்தில் இறங்கினால் அன்றிரவு தூக்கம் இல்லை.

4 ஜூன்

நேற்று எழுதாமல் விட்டது: எபாக்ஸியில் ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற இரண்டு பாகங்களையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்திலேயே அளந்து கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது. என்றைக்கும் சரியாக இறுகாது. ஹார்ட்னரைச் சற்றுக் கூட்டிக் குறைக்கும் சலுகை பாலியஸ்டருக்குத்தான் உண்டு, அதுவும் 1 முதல் 2 சதவீதம் என்ற வரம்புக்குள்.

பாலியூரித்தேன் பலகைக்காரர்கள் பாலியஸ்டர் வாங்கும்போது இன்னொன்று. இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் ஊதா நிறக் கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே கரண்டியும் கூடாது.

4 ஜூன், இரவு

மீன்பெட்டித் தெர்மாகோலை வெட்டிப் பள்ளத்தில் செருகினால் மைக்ரோபலூன் செலவு மிச்சம் என்று எழுதத் தொடங்கி, பெட்டி ஒன்றை எடுத்து நகத்தால் அமுக்கிப் பார்த்தேன். நகம் புதைந்துவிட்டது. பலகை நுரை அவ்வளவு மென்மையல்ல; ஓரத்துக்கு இது உதவாது. அந்த யோசனையை எழுதுவதற்கு முன்பே திரும்பப் பெறுகிறேன்.

19 ஜூன்

மழையால் வேலை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கட்டும். ஈரக்காற்றில் எபாக்ஸியின் மேல் எண்ணெய் தடவியது போல ஒரு படலம் வந்தால் பதற வேண்டாம். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிடுங்கள்.

இந்த இடைவெளியில், நான் தொடக்கத்தில் பேசாமல் தவிர்த்த கேள்விக்கு வருகிறேன். பழுது பார்க்க முடியுமா என்பது ஒரு கேள்வி. பழுது பார்க்கும் அளவுக்கு அந்தப் பலகை உங்களுக்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி. நான் ஆறடி இரண்டங்குலப் பலகை ஒன்றை மூன்று முறை ஒட்டினேன். மூன்றாம் முறை மேசையில் கிடத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், அந்தப் பலகையில் நான் ஒருநாளும் நன்றாக அலை பிடித்ததில்லை என்பது உறைத்தது. என் எடைக்கும் வயதுக்கும் அது சிறிது. உடைந்த ஒவ்வொரு முறையும் விட்டுவிட ஒரு நியாயம் கிடைத்தும், செலவழித்த காசு வீணாகுமே என்று மேலும் காசைப் போட்டேன். உங்களுடையது ஏழரை அடி. நீங்கள் அலையில் எழுந்து நிற்கப் பழகி ஓராண்டுதான் ஆகிறது. இன்னும் இரண்டு பருவத்துக்காவது அது உங்களுக்குப் பொருந்தும். நாற்பதாயிரத்துக்கு நீங்கள் வாங்க நினைப்பது ஆறரை அடி என்றால், பழையது உடைந்த சாக்கில் அவசரப்பட்டுச் சின்னதுக்குத் தாவுகிறீர்கள் என்று சொல்வேன்.

நான் எப்போது கைவிடுவேன் என்று ஒருவர் நேரடியாகக் கேட்டிருக்கிறார். மாதம் ஒன்று காயவைத்தும் எடை இறங்கி நிற்காத பலகையை. மேல்தளத்தில் பாதிக்கு மேல் மந்தமாக ஒலிக்கும் பலகையை. ஃபின் பெட்டி ஆடி, சுற்றியுள்ள நுரையும் ஊறியிருந்தால் அதையும். மேலே மென்நுரை போர்த்திய பழகுநர் பலகைக்குள் தண்ணீர் புகுந்தால், போர்வையை உரித்து ஒட்டும் உழைப்புக்கு அதன் விலை ஈடாகாது. பட்டறைப் பெரியவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "வள்ளத்துக்கு வெயிட்டு கூடுனா எஞ்சின் இழுக்கும். ஒமக்கு எஞ்சின் எங்க இருக்கு?"

20 ஜூன்

இரண்டாக முறிந்த பலகையைப் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு மறுப்பு வந்திருக்கிறது. வேண்டுமென்றே விட்டேன். நடுவில் ஓடும் மரச்சட்டத்துக்கு இருபுறமும் துணைச்சட்டம் பதித்து, துணி சுற்றி இணைத்தால் மிதக்கும், ஓடும். எடை கூடும், வளைந்து கொடுக்கும் தன்மை போய்விடும். நல்ல ஆட்டக்காரருக்கு அது விறகு. புதிதாகக் கற்க வரும் சிறுவனுக்கு அது பலகை. என் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அக்காள் மகன் அதில்தான் கற்றான்.

முறியாமல் நடுவே மடிப்பு விழுந்தது மட்டும் ஏமாற்றும். மேலே ஒரு கோடுதான் தெரியும். திருப்பிப் பார்த்தால் கீழேயும் அதே இடத்தில் கோடு இருக்கும். இருபுறமும் இருந்தால் முறிந்தது என்றே கணக்கு.

9 ஜூலை

வேலை முடிந்த படங்கள் வந்தன. ஓரத்தின் வளைவு நன்றாக வந்திருக்கிறது. ஃபின் பக்கத்துக் கீறலின் மேல் ஓரிடத்தில் துணியின் நெசவு வெளியே தெரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டீர்கள். அவசரப்படாமல் மெல்லிய எபாக்ஸிப் பூச்சு ஒன்று கொடுத்துவிடுங்கள். தெரியும் இழை வழியாகத் தண்ணீர் கசியும்.

செலவு 2,300 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி, மறுபடியும் பயன்படும் எபாக்ஸியும் துணியும். எடை 5.50. கூடிய 150 கிராம் நீங்கள் போட்ட ரெசின். இனி இதுதான் உங்கள் பலகையின் எடை; ஃபின் பெட்டியின் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

27 ஆகஸ்ட்

கடல் இறங்கியதும் தம்பி மூன்று நாள் அலை பிடித்துவிட்டு எழுதியிருக்கிறார். ஓரம் பிடித்து நிற்கிறது. ஆனால் பழைய கீறலுக்கு இரண்டு விரல் தள்ளி மயிரிழை போல ஒரு கோடு புதிதாகத் தெரிகிறதாம். எடை 5.50 தான் காட்டுகிறது. 50 கிராமுக்குக் குறைவாக ஏறியிருந்தால் அந்தத் தராசு சொல்லாது.

ஒட்டிய இடம் கெட்டிப்பட்டதால் அதன் விளிம்பில் விசை குவிந்து மேல்பூச்சு வெடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் மேல்பூச்சோடு நிற்கிறது. டேப் ஒட்டிக்கொண்டு கடலுக்குப் போகலாம். தட்டினால் மீதமிருக்கும் துணியில் ஒரு துண்டை வெட்டி வையுங்கள், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறேன்.